பூட்ஸ்காரிக்கு நான் கட்டிய மதில்

உப்பளம் பேட்டையில் பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருந்த இறால் கொட்டகையில் என்னோடு உட்கார்ந்து உரித்தவர்களில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. இருப்பவர்கள் உங்கள் கட்டைவிரலைப் பார்த்துக்கொள்ளுங்கள். நகம் நேராக முளைக்கிறதா? எனக்கு முளைப்பதில்லை. ஐஸ் தண்ணீரில் ஊறிய இறாலின் தலையைத் திருகும்போது அதன் கொம்பு நகக்கண்ணில் ஏறும். மறுநாள் அந்த இடம் வெளுக்கும், மூன்றாம் நாள் சீழ் கோக்கும். வேலை முடிந்ததும் படிகாரத் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்போமே.

அதில் ஒரு மழைக்காலம் மட்டும் நான் உரிக்காமல் உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு தடிப் புத்தகம் இருந்தது. நான் படித்தேன், நீங்கள் கேட்டுக்கொண்டே உரித்தீர்கள். அந்தக் கதையில் பாதி உங்களுக்குத் தெரியும். மீதிப் பாதியை நான் இதுவரை ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன், அதுவும் அவரிடம் போய்ச் சேரவில்லை.

எனக்குப் பிரெஞ்சு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவருடைய சித்தப்பா ஒருவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தாராம். அந்த ஒரு உறவைப் பிடித்துக்கொண்டு தனக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை வந்துவிடும் என்று அப்பா மனு மேல் மனுவாகப் போட்டுக்கொண்டிருந்தார். காகிதம் வந்ததும் கப்பல் ஏற வேண்டும், மகளுக்குப் பாஷை தெரிய வேண்டாமா என்று என்னைக் கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் பிரெஞ்சுப் பிரிவில் சேர்த்தார். நாங்கள் அவர்களை மசேர் என்போம். மசேர் மேசையில் ஒரு தட்டுத் தட்டி “ஆன்சாம்பிள்!” என்பார். உடனே நாற்பது பேரும் ஒரே குரலில் பாடத்தை ஒப்பிக்க வேண்டும். அங்கே நான் முதலில் கற்ற சொல்லும் நன்றாகக் கற்ற சொல்லும் அதுதான். ஒன்றாக, சேர்ந்து என்று அர்த்தம்.

நான்காம் வகுப்பு முடிவதற்குள் அப்பாவின் மனு தள்ளுபடியாகிவிட்டது. அவர் கொச்சிப் பக்கம் வேலைக்குப் போகிறேன் என்று போனார், போனவர்தான். அம்மா என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தி இறால் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். பிரெஞ்சை உரக்க, நிறுத்தி, மூக்கால் பேச வேண்டிய இடத்தில் மூக்கால் பேசி என்னால் படிக்க முடியும். என்ன படிக்கிறேன் என்பது மூன்றில் ஒரு பங்குதான் புரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரம் பெரியவர்கள் யாருக்கும் தெரியவில்லை. உரக்கப் படித்தால் புரிந்துதான் படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

புத்தகம் வந்த விதம் இது. அம்மா காலையில் ஒரு பழைய சொல்தா வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுத்தான் கொட்டகைக்கு வருவாள். அந்தக் குடும்பம் பிரான்சுக்குப் புறப்பட்டபோது வீட்டுச் சாமான்களை வேலைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அம்மாவுக்குக் கிடைத்தது ஒரு தகரப் பெட்டி, கம்பி உடைந்த ஒரு குடை, இந்தப் புத்தகம். எந்தக் காலத்திலோ அந்த வீட்டுப் பிள்ளை பள்ளியில் வாங்கிய பரிசுப் புத்தகம். சிவப்பு அட்டை, பக்கங்களின் ஓரத்தில் தங்கப் பூச்சு, எழுநூறு பக்கத்துக்கு மேல். முதல் சில தாள்களைக் கரையான் தின்றிருந்ததால் பெயரும் இல்லை, எழுதியவர் யார் என்றும் இல்லை. கனமாக இருக்கிறது, சோற்றுப்பானை மூடிமேல் வைத்தால் பூனை தள்ளாது என்றுதான் அம்மா அதைத் தூக்கி வந்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையில் ஐஸ் பெட்டியின் மூடி காற்றில் அடித்துக்கொண்டே இருந்ததால் ஒரு நாள் அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து மூடிமேல் வைத்தேன். பெண்களை வேலை வாங்கிய மேஸ்திரி அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

“ஏ மதாம், அதுல இன்னா போட்டிருக்குது? படி பாக்கலாம்.”

பிரெஞ்சுப் பள்ளிக்குப் போனவள் என்பதால் கொட்டகையில் எனக்கு மதாம் என்று பெயர். கிண்டலுக்கு வைத்ததுதான். நான் எழுந்து நின்று, ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மசேர் சொல்லிக்கொடுத்தபடி ஒரு பக்கம் படித்தேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு மேஸ்திரி அக்கா, சரி, அதையே தமிழில் சொல் என்றாள். புரிந்த சொற்களைக் கயிறு கட்டியதுபோல் கோத்து, இடைவெளியில் என் சரக்கைப் போட்டுச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மழைச் சத்தமும் ஓடு உரிக்கும் சத்தமும்தான் கேட்டன.

மறுநாள் என் கூடை இறாலை உங்களுக்குப் பிரித்துக் கொடுத்தாள் மேஸ்திரி அக்கா. உங்களுக்கு ஆத்திரம் வந்தது நியாயம்தான். ஒருத்தி என் சோற்றில் இறால் கொம்பைப் போட்டு வைத்தாள். அவள் யார் என்று எனக்குத் தெரியும், போகட்டும். எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. இந்தப் புத்தகம் நீளும் வரைக்கும் என் விரல்கள் ஆறும்.

அது ஆங்கிலேயர் கதை, பிரெஞ்சில் பெயர்த்தது என்பதுகூட எனக்குத் தெரியாது. லோந்தர் என்று ஓர் ஊர் வந்தது; ஆங்கிலேயர் தலைநகருக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயராம். அது பிரான்சில் எங்கோ இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பனி பெய்கிறது என்று வந்தபோது பனி என்றால் எவ்வளவு என்று கேட்டார்கள். தெருவெல்லாம், கூரையெல்லாம் என்றேன். “ஐஸ் பொட்டிக்குள்ள ஊரு இருக்குது போல” என்று ஒருத்தி சொல்ல, அதற்குப் பிறகு அந்த ஊர் ஜனங்கள்மேல் எல்லோருக்கும் ஒரு பிரியம் வந்துவிட்டது. ஐஸில் கை வைப்பது எப்படியிருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லையே.

பெரிய மனிதர்கள் கூடி ஏழைகளை என்ன செய்வது என்று பக்கம் பக்கமாகப் பேசும் இடங்களைத் தாண்டிவிடுவேன். கதையில் ஒரு பெண் இருந்தாள். ஆலை இயந்திரம் அவள் புருஷனை இழுத்துக்கொண்டுவிடுகிறது. அவனுடைய பூட்ஸ் மட்டும் வீட்டுக்கு வருகிறது. அவளுக்குச் செருப்பு இல்லை. அந்தப் பூட்ஸில் துணியைத் திணித்து, தன் காலில் மாட்டிக்கொண்டு, கைக்குழந்தையோடு பனியில் வேலை தேடிப் போகிறாள். அவளுக்கு ஒரு நீளமான பெயர் இருந்தது. கொட்டகையில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. பூட்ஸ்காரி என்று வைத்துவிட்டார்கள். காலையில் நான் உள்ளே நுழைந்ததும், பூட்ஸ்காரிக்கு வேலை கிடைத்ததா என்றுதான் முதலில் கேட்பார்கள். இல்லை என்பேன். கிடைத்துவிட்டால் கதை முடிந்துவிடுமே.

ஒரு நாள் பூட்ஸ்காரியை வீட்டுக்காரன் தெருவில் தள்ளிவிட்டான். அவளுக்குப் போக ஒரே இடம்தான் இருந்தது. அந்த இடத்தின் பெயர் புத்தகத்தில் ‘ஒஸ்பீஸ்’ என்று போட்டிருந்தது.

இப்போது உள்ளவர்களுக்கு இது விளங்காது, உங்களுக்கு விளங்கும். நம் ஊரிலும் ஓர் ஒஸ்பீஸ் இருந்தது. கதியற்ற கிழவர்களையும் நோயாளிகளையும் மசேர்கள் வைத்துப் பார்த்துக்கொண்ட வீடு. மதில் உயரம். நாம் யாரும் உள்ளே போனதில்லை. படிக்கும்போது அந்தச் சொல்லை நான் மாற்றவில்லை, மாற்றத் தெரியாது. அது ஏற்கனவே நம் சொல்தானே.

“நம்ம ஒஸ்பீஸா?” என்றாள் மேஸ்திரி அக்கா.

“ஒஸ்பீஸ்னுதான் போட்டிருக்குது.”

“அப்ப நம்ம ஒஸ்பீஸ்தான். வெள்ளக்காரன் எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் கட்டுவான்.”

அன்றிலிருந்து அந்தப் புத்தகம் யாரோ ஒரு தூர தேசத்துக் கதையாக இல்லை. நம் ஊர்ச் சேதியாகிவிட்டது.

சின்னம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தங்கை. பிள்ளைச்சாவடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷனைக் கடல் கொண்டுபோனபோது வயிற்றில் ஆறு மாசம். பெண் பிள்ளை பிறந்ததும், இது வந்த நேரம்தான் அவன் போனான் என்று புருஷன் வீட்டார் அனுப்பிவிட்டார்கள். ஆவணியில் எங்கள் ஒற்றை அறைக்குப் பாப்பாவோடு வந்து சேர்ந்தாள். பிரசவத்தில் ஏறிய காய்ச்சல் இறங்காமல் இருமலாக நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் இது டி.பி. இல்லை, மூன்று மாதம் நல்ல சாப்பாடும் படுக்கையும் கிடைத்தால் எழுந்துவிடுவாள் என்றார்கள். எங்கள் வீட்டில் அந்த இரண்டும் இல்லை. கொட்டகையில் அவளை இறால் தொட விடவில்லை. சுவரோரம் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கதை கேட்பாள். அவள் இருமும்போது பெண்கள் கூடையை ஓர் அடி தள்ளி வைத்துக்கொள்வார்கள். மேஸ்திரி அக்கா அம்மாவிடம், தங்கச்சிய இஸ்துக்கினு வராத, சரக்கு வாங்குறவன் பார்த்தால் எல்லோருக்கும் வேலை போய்விடும் என்று நேராகவே சொல்லிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு மசேர் விசாரித்துவிட்டு, ஒஸ்பீஸில் இடம் கேட்டு எழுதுகிறேன், சீட்டு வரும் என்றார். அம்மாவுக்கு அதைவிட நிம்மதி வேறு இல்லை. சின்னம்மா முதலில் சரி என்றுதான் சொன்னாள். அவளுக்கு இருந்த ஒரே பயம் பாப்பா. பாப்பாவும் கூட வரலாம் என்றால் போகிறேன் என்றாள். சீட்டு வருவதற்காக எல்லோரும் காத்திருந்தோம்.

காத்திருந்த நாட்களில்தான் பால் மாவு விஷயம் நடந்தது. சின்னம்மாவுக்குப் பால் வற்றிப்போனதால் ஆஸ்பத்திரியில் பாப்பாவுக்கு ஒரு டப்பா பால் மாவு கொடுத்திருந்தார்கள். நீங்களும் தின்றிருப்பீர்கள். தண்ணீர் விடாமல் உள்ளங்கையில் கொட்டி நக்கினால் மேலண்ணத்தில் சாந்துபோல ஒட்டிக்கொள்ளும். நாக்கால் தள்ளத் தள்ளக் கொஞ்சம் கொஞ்சமாக இனிக்கும். தினம் ஒரு கை என்று ஆரம்பித்து அரை டப்பா தின்றுவிட்டேன். ஒரு மத்தியானம் சின்னம்மா பார்த்துவிட்டாள். என் உதட்டில் ஒட்டியிருந்த மாவை அவளே முந்தானையால் துடைத்தாள். அம்மா வந்ததும் சொல்லிவிட்டாள்.

அம்மா கரண்டிக் காம்பை அடுப்பில் காய்ச்சி என் முன்னங்கையில் வைத்தாள். சின்னம்மா, “வாணாங்க்கா, வுட்டுடுக்கா” என்று சொல்லிக்கொண்டே பாப்பாவை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பாப்பா பார்க்கக் கூடாது என்று திருப்பினாள் பாருங்கள். எனக்குச் சூடு விழும்போது என்னைத் திருப்ப ஆள் இல்லை.

மறுநாள் கொட்டகையில் புத்தகத்தைப் பிரித்தேன். சூடு பட்ட கையில் வாழைச்சாறு தடவியிருந்தது. பூட்ஸ்காரியை ஒஸ்பீஸில் உள்ளே விட்டார்களா என்று கேட்டார்கள். என் கண் அந்தப் பக்கத்தின் மேல்தான் இருந்தது. அதில் எந்த வரியையும் நான் படிக்கவில்லை.

“வுட்டாங்க. வாசல்லயே புள்ளய வாங்கிக்கினாங்க” என்றேன்.

“வாங்கி?”

“உள்ள நடுவுல ஒரு மதிலு. இந்தப் பக்கம் அம்மாங்க, அந்தப் பக்கம் புள்ளைங்க. பாக்க வுட மாட்டாங்க. புள்ளைங்க அழுவுறது மட்டும் கேக்கும். எது யாரு புள்ளன்னு தெரியாது.”

உரிக்கும் கைகள் நின்றுவிட்டன. சுவரோரத்திலிருந்து சின்னம்மா கேட்டாள். அவள் அதுவரை ஒரு நாளும் கதைக்குள் குரல் கொடுத்ததில்லை.

“பால் கட்டிக்குமே. அப்ப?”

“மதில்ல பீச்சி வுட்டுடணும்” என்றேன்.

ஒருத்தி அழுதாள். மேஸ்திரி அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, படுபாவிங்க என்றாள். நீங்களும் அழுதீர்கள், எனக்கு நினைவிருக்கிறது. நான் நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு வருடத்தில் பிள்ளைக்கு அம்மா முகம் மறந்துபோகும் என்று இன்னும் ஒரு வரி சேர்த்தேன். சின்னம்மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

நான்கு நாள் கழித்துச் சீட்டு வந்தது. ஆஸ்பத்திரிச் சேவகர் மழையில் நனைந்துகொண்டு வந்து கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் ரிக்‌ஷா வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரெண்டு பேருக்கும்தான் இடம், மசேர் அன்றைக்கே சொல்லிவிட்டார் என்று தங்கையிடம் சொன்னாள். அம்மா தண்ணீர் பிடிக்கப் போனதும் சின்னம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். சீட்டை என் கையில் கொடுத்தாள்.

“அக்கா என்ன அனுப்பறதுக்கு எது வேணாலும் சொல்லும். அது மேல தப்பு இல்ல. நீ எழுத்துல இருக்கறதச் சொல்லு. பாப்பாவும் நானும் ஒண்ணாவா, தனித்தனியாவா? அத மட்டும் பாத்து சொல்லு, கண்ணு.”

சிறிய சீட்டு. நீல மசியில் மூன்றே வரி. தேதி, சின்னம்மாவின் பெயர், அதற்குக் கீழே: லா மேர் எ லான்ஃபான், ஆன்சாம்பிள். தாயும் குழந்தையும், ஒன்றாக. அந்தப் பெரிய புத்தகத்தில் எனக்குப் புரியாதது ஆயிரம் இருந்தது. இந்தச் சீட்டில் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை.

“அம்மான்னு போட்டிருக்குது. புள்ளன்னு போட்டிருக்குது” என்றேன்.

“ஒண்ணான்னு போட்டிருக்கா?”

“அது போடல.”

சின்னம்மா சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். என் கையிலிருந்த சூட்டுக் கொப்புளத்தைப் பார்த்து, எரியுதா என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு டப்பாவைத் திறந்து எனக்கு ஒரு கை பால் மாவு கொடுத்தாள். நான் தின்றேன்.

வெள்ளிக்கிழமை ரிக்‌ஷா வந்தபோது அவள் இல்லை. பாப்பாவும் இல்லை. விடிகாலையிலேயே, அம்மா சொல்தா வீட்டிலிருந்து கொண்டுவந்த கம்பி உடைந்த குடையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அன்றைக்குக் காற்று மழை. பிள்ளைச்சாவடி வரைக்கும் நடந்தே போனாள் என்று பிறகு தெரிந்தது. புருஷன் வீட்டில் கதவைத் திறந்து பார்த்தார்கள். குழந்தையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லையாம், நாங்கள் இரண்டு பேரும் ஒரு மூலையில் கிடக்கிறோம் என்றுதான் கேட்டாளாம். இருமலைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வலை போட்டு வைக்கும் கொட்டகையில் போய்ப் படுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மழை விட்டதும் வலை எடுக்கப் போனவர்கள் பார்த்தார்கள். சின்னம்மா விறைத்துக் கிடந்தாள். பாப்பாவைத் தன் புடவையால் சுற்றி, அதன்மேல் பழைய வலையையும் சுற்றி வைத்திருந்தாள். பாப்பாவுக்கு உயிர் இருந்தது.

எங்கள் வீட்டில் பால் குடிக்கும் பிள்ளையை வைத்துப் பார்க்க ஆள் இல்லை. அம்மா பாப்பாவை ஒஸ்பீஸில் கொண்டுபோய் விட்டாள். நானும் கூடப் போனேன். அந்த உயர மதிலுக்குள் நான் நுழைந்தது அன்றுதான்.

உள்ளே வேப்பமரம் ஒன்று, கிணறு ஒன்று. வராந்தாவில் நான்கு கிழவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏமாற்றுகிறார் என்று இன்னொருவர் கத்திக்கொண்டிருந்தார். வெந்த அரிசி வாசனை வந்தது. ஒரு மசேர் எங்களை ஓர் அறைக்கு அழைத்துப்போனார். ஜன்னலோரம் ஒரு கட்டில், வெள்ளை விரிப்பு. கட்டிலோடு ஒட்டினாற்போல் ஒரு தொட்டில். தொட்டிலின் கால் ஒன்றைக் கட்டிலின் காலோடு நாடாவால் கட்டியிருந்தார்கள், ஆடும்போது விலகிப் போகாமல் இருக்க. வெள்ளிக்கிழமையிலிருந்து அப்படியே இருந்தது.

அம்மா தங்கையின் இடுப்பிலிருந்து எடுத்த சீட்டை மசேரிடம் கொடுத்தாள். மசி கலங்கியிருந்தாலும் எழுத்து தெரிந்தது. இதை யாரும் அவளுக்குப் படித்துச் சொல்லவில்லையா என்று மசேர் கேட்டார். இவள் படித்திருப்பாளே என்று அம்மா என்னைக் காட்டினாள். மசேர் சீட்டை என்னிடம் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படித்தேன், மூன்று வரியும், கடைசிச் சொல் வரைக்கும். மசேரின் புருவம் உயர்ந்தது.

“நல்லா படிக்கிறியே. சின்னம்மாகிட்டயும் இப்படித்தான் படிச்சியா?”

“ஆமாம்.”

“அப்புறம் ஏன் போனா?”

அம்மா முந்திக்கொண்டாள். “அவ புத்தி அப்படிம்மா. பொறந்ததுலேந்து யார் பேச்சும் கேக்கமாட்டா.”

பிடிவாதக்காரி என்பதுதான் சின்னம்மாவுக்கு நிலைத்த பெயர். அம்மா சாகும் வரைக்கும் அதையே சொன்னாள். நீங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். மேஸ்திரி அக்கா மட்டும், ஒஸ்பீஸுக்குப் போவதற்கு இது எவ்வளவோ மேல் என்றாள். அந்த மதிலை அவள் கடைசி வரை நம்பினாள். வயதான காலத்தில் மகன் துரத்தியபோதும் ஒஸ்பீஸ் பக்கம் போகாமல் பேருந்து நிலையத்தில் கிடந்தாள் என்று கேள்விப்பட்டேன்.

அன்றைக்கே மசேர் என்னைப் பள்ளியில் மறுபடி சேர்க்கச் சொன்னார், செலவு எதுவும் இல்லை என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் முடியாது என்றேன். ஏன் என்று இரண்டு பேரும் கேட்டார்கள், பிறகு அம்மா அடித்தாள். அடுத்த நாள் கொட்டகையில் எனக்கு ஒரு கூடை இறால் கொட்டச் சொன்னேன். பூட்ஸ்காரி என்ன ஆனாள் என்று கொஞ்ச நாள் கேட்டுப் பார்த்தீர்கள். புத்தகத்தின் தாள்களில் அம்மா கருவாடு மடித்தாள். சிவப்பு அட்டை அடுப்பு விசிறியாக ரொம்ப காலம் இருந்தது. தாள் கிழிக்கும்போதெல்லாம் ஓரத்துத் தங்கப் பூச்சு அம்மாவின் விரல்களில் ஒட்டிக்கொண்டு வந்தது.

பதினாறு வயதில் உப்பளத்தை விட்டுப் போனேன். பண்ணுருட்டியில் முந்திரி உடைத்தேன், திருப்பூரில் நூல் பிரித்தேன், சாலைக்குத் தார் போட்டேன், குவைத்தில் ஒரு வீட்டில் நான்கு வருடம் கழுவித் துடைத்தேன். எங்கும் நான்கைந்து வருடத்துக்கு மேல் இருப்பு கொள்ளவில்லை. அதையெல்லாம் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. வேலூரில் ஒரு மாணவர் விடுதியில் சமையலுக்கு இருந்தபோது அங்கே யாரோ விட்டுப்போன தடித் தமிழ்ப் புத்தகம் ஒன்று அடுப்படிக்கு வந்தது. ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த நாவல். நடுவில் பிரித்தேன். இறந்துபோன புருஷனின் பூட்ஸில் துணியைத் திணித்துக் கொண்டிருந்தாள் ஒருத்தி.

வெங்காயம் உரிப்பதை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். அந்த நாவலைப் படித்து முடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. தமிழில் அந்த இடத்தை ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் விடுதி என்று எழுதியிருந்தார்கள். ஒஸ்பீஸ் என்ற பேச்சே இல்லை. பிரெஞ்சில் பெயர்த்தவர் தம் ஊரில் அதற்கு ஈடான சொல் இல்லாமல் அதைப் போட்டிருக்க வேண்டும். சரி, அந்தத் தவறை அவர் தலையில் வைத்துவிடலாம். கஞ்சி தண்ணீராக இருந்ததும், பெரிய மனிதர்கள் வந்து புத்தி சொன்னதும், கயிறு பிரித்துப் பிரித்து விரல் புண்ணானதும் அதில் இருந்தன. மதிலைத் தேடினேன். பூட்ஸ்காரி அந்த விடுதியில் இருந்த அத்தியாயங்களை மூன்று தடவை படித்தேன். குழந்தை அவள் பக்கத்தில்தான் படுத்திருந்தது. ஒரு காலைப் பொழுதில் அதைத் தூக்கிக்கொண்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு, வாசல் வழியாக வெளியே போனாள். யாரும் தடுக்கவில்லை.

பாப்பாவுக்கு வருகிறேன். ஒஸ்பீஸில் ஒன்றரை வருடம் வளர்ந்ததும் ஒரு பிரெஞ்சுக் குடும்பம் அவளைத் தத்தெடுத்துக்கொண்டு போய்விட்டது. அப்பா மனுப் போட்டு மனுப் போட்டுக் கிடைக்காதது அவளுக்குக் கிடைத்தது என்று அம்மா சிரிப்பாள்.

வயதாகி நான் மறுபடி உப்பளத்துக்கே வந்து அம்மா இருந்த அறையில் இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண்மணி வாசலில் வந்து நின்றார். குட்டையாக வெட்டிய நரைமுடி. நெற்றி மட்டும் சின்னம்மா. கூட ஒரு சுற்றுலா வழிகாட்டி, முப்பது வயது இருக்கும், நம் ஊர்ப் பிள்ளை. ஒஸ்பீஸ் பதிவில் எங்கள் தெரு இருந்திருக்கிறது. அந்தப் பெண்மணி ஒரு காகிதத்தின் நகலைக் கையில் வைத்திருந்தார். அந்த மூன்று வரிச் சீட்டு. மசேர்கள் அதை எறியாமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

“ஆயா, அவங்க ஒண்ணே ஒண்ணு கேக்கறாங்க” என்றார் வழிகாட்டி. “ரெண்டு பேருக்கும் இடம் இருந்துது. அப்புறம் ஏன் அவங்க அம்மா அங்க போகல?”

அந்தப் பெண்மணி பிரெஞ்சில் கேட்டதே எனக்குப் புரிந்திருந்தது. பதிலை என்னால் பிரெஞ்சில் சொல்ல முடியாது. நான் தமிழில் சொன்னேன்.

“நான் பொய் சொன்னேன்னு சொல்லுப்பா. சீட்டுல ஒண்ணாதான்னு போட்டிருந்துது. அத நான் படிக்கல. உள்ள மதிலு வச்சிப் புள்ளயப் பிரிச்சிடுவாங்கன்னு நாலு நாளைக்கு முன்னாடியே கத கட்டி சொல்லியிருந்தேன். அதுக்கு பயந்துதான் இவங்களத் தூக்கிக்கினு மழையில போச்சு. பால் மாவு திருடுனத சொல்லிக்குடுத்துச்சின்னு செஞ்சேன். எல்லாத்தையும் சொல்லு, ஒண்ணும் வுடாத.”

வழிகாட்டி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்தப் பெண்மணியின் பக்கம் திரும்பி மெதுவாகப் பேசினார். மூன்று நான்கு வரிகள்தான். உங்கள் தாய், மழை, பயம் என்றார். உங்களைப் பிரிய அவருக்கு மனம் வரவில்லை என்றார். கடைசியில், இரண்டு பேரும் ஆன்சாம்பிள் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார் என்றார்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். அதைத்தான் நான் முதலில் கற்றேன்.

அந்தப் பெண்மணி அழுதார். குனிந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். என் முன்னங்கைத் தழும்பின்மேல் அவருடைய கை இருந்தது. நான் வழிகாட்டியைத் திருத்தவில்லை. அவர் செய்ததைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

போகும்போது அந்தப் பெண்மணி எனக்கென்று கொண்டுவந்த ஒரு தகர டப்பாவைக் கொடுத்தார். உள்ளே சாக்லேட். எதிர்வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள் உண்டு, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, நாக்கால் தள்ளத் தள்ளக் கொஞ்சம் கொஞ்சமாக இனித்தது. மூன்று நாளில் நானே தின்று முடித்தேன்.